நான்கு இடத்திலும் இரண்டு ஓம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, என் காரின் டேஷ்போர்டில் எரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவன் முகத்துக்கு நேரே ஒரு பந்து. அந்த ஆரஞ்சு விளக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏர்பேக்கிலோ சீட் பெல்ட்டிலோ ஏதோ கோளாறு என்று அர்த்தம். பிஷ்கெக்கில் பாதிப் பேர் அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டுவார்கள். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், நான் மட்டும் என்ன யோக்கியம்? நானும் ஒட்டினேன்.

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அவர்களில் ஒருத்தி ஒருநாள் என் வண்டியில் ஏறினாள், ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள், "சார், உங்க வண்டிக்கு நாலு மாசமா ஜுரம், நீங்க தெர்மாமீட்டரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க" என்றாள். மானம் போயிற்று. மறுநாளே கார் பஜாரில் மெக்கானிக் வேலை பார்க்கும் நூர்சாடாவின் பட்டறைக்குப் போனேன்.

விளக்கை அணைக்கப் போனவன் ஒரு கதையோடு திரும்பினேன். கதை அவளுடையது. எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்தபோது மூன்று நிபந்தனைகள் போட்டாள். ஒன்று, எண்களைத் தப்பாக எழுதக் கூடாது. இரண்டு, அவளை அழகி என்று எழுதக் கூடாது ("அழகின்னு போட்டா வேலை தெரியாதவன்னு நினைச்சுக்குவாங்க"). மூன்றாவது நிபந்தனையை உரிய இடத்தில் சொல்கிறேன். அதைத்தான் நான் மீறப் பார்த்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அலா தோ மலைகளின் பனிமுடிகள் காலை வெயிலில் பொன்னாக—"

நிறுத்திவிட்டேன். மலை எங்கேயும் போகாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முயற்சி: "ஏர்பேக் என்பது ஒரு சிறிய வெடிமருந்துக் குப்பியும் அதனோடு மடித்து வைக்கப்பட்ட ஒரு பையும்—" இது கையேடு. கையேட்டை யாரும் படுக்கையில் படுத்துக்கொண்டு படிப்பதில்லை. (நூர்சாடா படித்திருக்கிறாள். அதுவும் பிறகு.)

மூன்றாவது: "சிறு வயதிலேயே தந்தையை இழந்த நூர்சாடா—" இதை அவளிடம் காட்டினேன். அவள் அப்பா டோக்மோக்கில் தேனீ வளர்க்கிறாராம், நன்றாகத்தான் இருக்கிறாராம், போன வாரம்கூட ஒரு ஜாடித் தேன் கொடுத்தனுப்பினாராம். "எங்கப்பாவை எதுக்கு வாத்தியாரே கொன்னீங்க?" என்று கேட்டாள். பழக்கதோஷம் என்றேன்.

நான்காவது முயற்சி நிலைத்தது. அது இதுதான்:

வெள்ளிக்கிழமை மதியம் டோப்சுபெக் தன் மகளின் சீதனக் காரைப் பின்பக்கமாகவே பட்டறைக்குள் ஓட்டிவந்து, நூர்சாடாவின் டீ மேசையை இடித்தார்.

3

டோப்சுபெக்குக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். முன்னால் பார்த்து ஓட்டுவதில் சூரர், பின்னால் பார்க்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

"மேசையை ஏன் வழியில போட்டிருக்க?"

"அண்ணே*, அது அஞ்சு வருஷமா அங்கதான் இருக்கு."

"அதான் சொல்றேன். அஞ்சு வருஷமா வழியில இருக்கு."

(* அவள் கூப்பிட்டது 'பைகே' என்று. இந்த ஊரில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் அதுதான். 'அண்ணே' என்று எழுதினால் உங்களுக்கு அவர் முகம் சட்டென்று தெரியும். அவர் அவளைக் கூப்பிட்டது 'என் மகளே' என்று. அதைக் 'கண்ணு' ஆக்கிவிட்டேன், அவர் குரலில் அது அப்படித்தான் கேட்டிருக்கும்.)

வந்த விஷயம் இது. மறுநாள் காலை அவருடைய கடைசி மகள் சிர்கா கல்யாணமாகி நாரின் பக்கம் போகிறாள். கார் அப்பா கொடுக்கும் சீதனம். வழியெல்லாம் ஊர்வலம், ஊர்வலமெல்லாம் வீடியோ. வீடியோவில் அந்த ஆரஞ்சு விளக்கு எரியக் கூடாது.

"ஸ்டிக்கர் ஒட்டலாம்தான். ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெவரமானவங்க, பார்த்ததும் சிரிச்சிருவாங்க. அணைச்சுக் குடு கண்ணு."

"விளக்கை மட்டும் அணைக்கற கடை எதிர்வரிசையில இருக்கு. இங்க ஏன் எரியுதுன்னு பார்ப்போம்."

"தெரியும். அதான் இங்க வந்தேன். அந்தப் பொண்ணு கை பொய் சொல்லாதுன்னு பஜாரே சொல்லுது. என் சம்பந்திகிட்டயும் சொல்லிட்டேன், அவகிட்ட காட்டிட்டுத்தான் குடுக்கறேன்னு."

நூர்சாடா டெஸ்டரை எடுத்தாள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் அளவு பெட்டி, ஒரு திரை, ஒரு நீள வயர். வயரின் முனையை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினாள். திரையில் ஒரே ஒரு கோளாறு வந்தது: முன்சீட் பயணியின் பெல்ட் கொக்கி, தொடர்பு இல்லை.

(இங்கே ஒரு வார்த்தை. சாதாரண மின்சார மீட்டரை எடுத்து ஏர்பேக் வயரில் வைத்துப் பார்க்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் துளி மின்சாரமே பையை வெடிக்க வைக்கப் போதும். டெஸ்டர் வயரைத் தொடுவதில்லை. ஏர்பேக்குகளைக் கவனித்துக்கொள்ளும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வண்டிக்குள்ளேயே இருக்கிறது, அதனிடம் மரியாதையாக விசாரிக்கிறது. எண்களைத் தப்பாக எழுதாதே என்றவள், இதையும் எழுது என்றாள்.)

சாவியை அணைத்தாள். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினாள். பிறகு காத்திருந்தாள். மோதலில் பேட்டரி அறுந்தாலும் பை வெடிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடிந்தபின்தான் எந்தக் கனெக்டரையும் தொடலாம். கையேட்டில் சில நிமிஷங்கள் என்று போட்டிருக்கும். நூர்சாடாவின் கணக்கு ஒரு கிண்ணம் தேநீர், அதுவும் சுடச்சுட ஊற்றியது.

டோப்சுபெக்குக்கும் ஊற்றினாள். இங்கே விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். சீக்கிரம் தீரும், மறுபடி ஊற்றலாம், மறுபடி பேசலாம். டோப்சுபெக் பேசினார். ஆட்டின் விலை, மாப்பிள்ளையின் உயரம், மாப்பிள்ளையின் தம்பியின் உயரம். நான்காவது கிண்ணத்தை நூர்சாடா விளிம்புவரை நிரப்பி நீட்டினாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கெளம்புன்னு சொல்றியா?"

"ரிப்பன் வாங்கணும்னு சொன்னீங்களே."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனை நிரம்பின கிண்ணம் காட்டி எறக்கி விடற." சிரித்துக்கொண்டே குடித்து முடித்துவிட்டு ரிப்பன் வாங்கப் போனார்.

கோளாறு முன்சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. ஆட்டுத்தோல் விரிப்பொன்றைச் சுருட்டி யாரோ அங்கே திணித்திருந்தார்கள், அது கனெக்டரைப் பிடுங்கியிருந்தது. விரிப்பை உருவினாள். கனெக்டரை அழுத்திப் பூட்டினாள். பேட்டரியை மாட்டினாள். வண்டிக்குள் உட்காராமல், ஜன்னல் வழியே கையை மட்டும் விட்டுச் சாவியைத் திருப்பினாள். ஏதாவது தப்பாகி பை வெடித்தால் எதிரே முகம் இருக்கக் கூடாது. விளக்கு எரிந்தது. அவள் எண்ணினாள். ஆறாவது எண்ணில் அணைந்தது. டெஸ்டர், 'கோளாறு எதுவும் இல்லை' என்றது.

வேலை முடிந்தது. கதையும் இங்கே முடிந்திருக்கலாம்.

4

ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். முடிந்த வண்டியிலும் டெஸ்டரின் இன்னொரு பக்கத்தைத் திறந்து அளவுகளைப் பார்ப்பாள். ஓட்டுநர் பை, பயணி பை, மோதும்போது பெல்ட்டை இறுக்கும் இரண்டு குப்பிகள், ஆக நான்கு. ஒவ்வொன்றின் மின்தடை எத்தனை ஓம் என்று அந்தப் பக்கம் சொல்லும்.

2.0
2.0
2.0
2.0

அவள் இதைச் சொன்னபோது எனக்கு நல்ல சேதியாகத்தான் பட்டது. "எல்லாம் சரியா இருக்கே?" என்றேன்.

"அதான் வாத்தியாரே தப்பு. உங்க கிளாஸ்ல நாலு பிள்ளைங்க ஒரே மார்க் வாங்கினா என்ன நினைப்பீங்க?"

புரிந்துவிட்டது.

உண்மையான ஏர்பேக் ஒன்று 1.9 காட்டும், அடுத்தது 2.3, இன்னொன்று 2.1. வயர் நீளம் வேறு, வயசு வேறு. நூர்சாடா ஸ்டியரிங்கை இடதும் வலதும் முழுக்கத் திருப்பினாள். ஓட்டுநர் பையின் எண் கொஞ்சமாவது நடுங்க வேண்டும், அதன் வயர் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுருண்டு விரியும். எண் அசையவில்லை.

மறுபடி சாவியை அணைத்தாள், பேட்டரியைக் கழற்றினாள், ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். அந்தத் தேநீரில் உப்பு இருந்ததா சர்க்கரை இருந்ததா என்று இன்றுவரை தெரியாது என்கிறாள். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பலகையைக் கழற்றினாள்.

உள்ளே, பைக்குப் போக வேண்டிய கனெக்டரில், நகம் அளவு ஒரு ரெசிஸ்டர், வெறும் மின்தடைத் துண்டு, உட்கார்ந்திருந்தது. இந்த ஊரில் அதற்கு 'ஏமாற்று' என்று பெயர். அடிபட்டு ஏலத்தில் போன கார்களைக் கடல் தாண்டிக் கொண்டுவருவார்கள். பைகள் ஏற்கெனவே வெடித்திருக்கும். புதுப் பை போடாமல் ஒரு ஏமாற்றைச் செருகி மூடியை ஒட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் கேட்கும்போது ரெசிஸ்டர், 'நான்தான் ஏர்பேக், இரண்டு ஓம்' என்று சொல்லும். விளக்கு அணையும். எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

இதுவரை அவளுக்கு ஆச்சரியமில்லை. மாதம் மூன்று பார்க்கிறாள். ரெசிஸ்டரைச் சுற்றிப் பச்சை டேப் இருந்தது. டேப்பின் முனை சின்ன முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது, நாளைக்குப் பிரிக்கிறவர் நகத்தால் சுரண்டிக் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக.

பஜாரில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான்.

5

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நூர்சாடாவுக்கு இருபத்து மூன்று. பஜாரில் ஒரு கொட்டகையில் வேலை. முதலாளி கார்களை வரிசையாக நிறுத்துவார், அவள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்துக்கொண்டே போவாள். ஒரு காருக்கு ஏழு நிமிஷம். அவளைவிட வேகம் யாருக்கும் இல்லை, அதில் அவளுக்குப் பெருமை வேறு. விளக்கு அணைந்தால் வண்டி குணமாகிவிட்டது என்றே நம்பினாளாம். எத்தனை கார் என்று கேட்டேன். "நாப்பதோ அறுபதோ," என்றாள். எண்களில் இவ்வளவு கறாரான பெண் அப்படிச் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு சொந்தமாக ஒரு டெஸ்டர் வாங்கினாள். கூடவே ஒரு தடிமன் கையேடு வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் படுத்து அதைப் படித்தாள். வசந்தம் வந்தபோது கொட்டகையை விட்டு வெளியே வந்தாள்.

[இந்த இடத்தில் நான் ஒரு விபத்து வைத்தேன். அவள் ஏமாற்று செருகிய கார் ஒன்று, மழை, திருப்பம், ஒரு குழந்தை— நன்றாகவே வந்திருந்தது. படித்துக்காட்டினேன். ஸ்பேனரைக் கீழே வைத்தாள். மூன்றாவது நிபந்தனை இங்கேதான் வருகிறது: யாரும் சாகக் கூடாது.

"யாரும் சாகல வாத்தியாரே. எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் வேலையை விட்டே? படிக்கிறவன் கேப்பானே."

"ஒருத்தன் செத்தாத்தான் தப்பு தப்புன்னு தெரியுமா உங்க ஆளுங்களுக்கு? எனக்குக் கையேடு படிச்சாலே தெரிஞ்சுது."

என் விபத்தைக் கிழித்துவிட்டேன். அந்தக் குழந்தையும் பிழைத்துக்கொண்டது.]

அந்த வெள்ளிக்கிழமை டோப்சுபெக் ரிப்பனோடு திரும்பி வந்தார். நீலம், வெள்ளை, ஒரு பெரிய பொம்மை, அதற்கும் ரிப்பன். பலகை அதற்குள் மூடியாகிவிட்டது. விளக்கு எரியவில்லை. அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து தோளைக் குலுக்கி ஆடினார், நிஜமாகவே ஆடினார். (இந்த மனிதர் மேல் எனக்குச் சந்தேகம். கதைக்கு ஒத்தாசையாக இவ்வளவு கலகலப்பான ஆள் கிடைப்பானா? கொஞ்சம் குறைத்து எழுதட்டுமா என்று கேட்டேன். நான் எழுதியதே குறைத்து எழுதியதுதான் என்றாள்.)

"என்ன கண்ணு, எல்லாம் சரிதானே?"

நூர்சாடா வாயைத் திறந்தாள். அந்தக் கை பொய் சொல்லாது என்று பஜார் சொல்லும் அதே கையால் சாவியை எடுத்து நீட்டினாள்.

"விளக்கு அணைஞ்சிருச்சு அண்ணே," என்றாள்.

அது பொய்யே இல்லை.

6

இப்போது நான் ஒரு எழுத்தாளனாக உங்களுக்குச் சில முடிவுகளை வைக்க வேண்டும். ஊரில் எல்லாரும் வைக்கிறார்கள்.

அ. அவள் பேசாமல் இருக்கிறாள். ஊர்வலம் போகிறது, வருகிறது. ஒன்றும் ஆவதில்லை. பதினோரு வருஷமாக ஒன்றும் ஆகாத வண்டி நாளைக்கும் ஒன்றும் ஆகாமல் போகத்தான் அதிக வாய்ப்பு. திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வரவழைத்து, ஓசைப்படாமல் சரிசெய்கிறாள். அவள் பெயரும் போகாது, அவர் சந்தோஷமும் போகாது. நியாயமாகப் பார்த்தால் இதுதான் புத்திசாலித்தனம். நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன், அதில் எனக்கு வெட்கம்கூட இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

ஆ. (மூன்றாவது நிபந்தனையால் நீக்கப்பட்டது.)

இ. எதிர்வரிசைக் கடைக்காரன்மேல் பழியைப் போடுகிறாள். டேப்பின் முக்கோணம் யாருக்குத் தெரியப்போகிறது?

நூர்சாடா இந்த மூன்றையும் அந்தச் சாயங்காலம் டீ மேசையில் உட்கார்ந்து தானே யோசித்துப் பார்த்தாளாம். எனக்கு முன்னாலேயே. 'அ' கிட்டத்தட்ட நிச்சயமாகிவிட்டது. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. சிர்காவை அவளுக்குத் தெரியாது, முகம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நாளைக்கு அந்தப் பெண் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்து, வண்டி சரியாகத்தான் இருக்கிறது என்று நம்புவாள். வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு தடவையும் நம்புவாள். அந்த ஆறு வினாடிப் பொய்யைத் தினமும் சொல்லப்போவது நூர்சாடா.

பட்டறையைப் பூட்டிவிட்டுத் தன் காரில் கிளம்பினாள். மணி ஐந்து, நல்ல வெயில். எப்படிச் சொல்வது என்று பத்து வாக்கியம் யோசித்தாள், பத்தும் "மன்னிச்சிருங்க"வில் தொடங்கின.

7

டோப்சுபெக் வீட்டு முற்றத்தில் கல்யாணக் களேபரம். பெண்கள் பெரிய சட்டியில் மாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டுப் பொரித்துக் கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பொரித்ததைத் திருடிக்கொண்டிருந்தார்கள். டோப்சுபெக் விருந்துக்கு வந்த ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி, அதை எங்கே கட்டுவது என்று ஆறு பேரோடு விவாதித்துக்கொண்டிருந்தார். அலங்கரித்த கார் நடுவில் நின்றது.

எல்லாரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யோசித்து வைத்த பத்து வாக்கியமும் ஒன்றாக ஓடிப்போயின. வாயில் வந்தது வேறு.

"சூயுன்சு," என்றாள்.

இந்த ஒரு சொல்லை மட்டும் தமிழாக்க என்னால் முடியவில்லை. நல்ல சேதி கொண்டுவருகிறவர், சேதியைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கை நீட்டுவார். கேட்டவர் என்ன சேதி என்று கேட்கக் கூடாது. முதலில் கையில் கிடைத்ததைக் கொடுக்க வேண்டும், பிறகுதான் சேதி. குழந்தை பிறந்தால், பையன் பரீட்சையில் தேறினால், காணாமல் போன குதிரை கிடைத்தால். கொடுக்க மறுக்கிறவன் மனுஷனே இல்லை.

டோப்சுபெக் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கையில் இருந்தது ஆட்டுக்கயிறு. அதைக் கொடுத்தார்.

"என்ன கண்ணு நல்ல சேதி? கல்யாணமா உனக்கு?"

ஒரு கையில் ஆடு. அது நூர்சாடாவின் கைப்பையை முகர்ந்து பார்த்தது.

"உங்க வண்டியில ஏர்பேக் ஒண்ணுகூட இல்ல அண்ணே. முன்னாடி பெல்ட்டும் பேருக்குத்தான். எல்லாம் வெடிச்சுப் போன வண்டி. நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டோம். அதுதான் நல்ல சேதி."

டோப்சுபெக் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"விளக்கு அணைஞ்சிருச்சுன்னு சொன்னியே."

"அணைஞ்சுது. பைக்குப் பதிலா ஏமாத்து வெச்சிருக்கு."

"எந்தப் பய வெச்சான்?"

"நான்தான்."

எப்போது, எங்கே, எந்த டேப் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மத்தியானமே கண்டுபிடித்ததையும், பயந்து சாவியைக் கொடுத்ததையும் சொன்னாள். நல்ல பைகள் வரவழைக்க மூன்று வாரம் ஆகும், தானே போட்டுத் தருகிறேன் என்றாள். நடுவில் ஆடு இரண்டு முறை கத்தியது, அதற்கும் காத்திருந்து சொன்னாள். முடித்தபின் கயிற்றை அவரிடம் திருப்பி நீட்டினாள்.

டோப்சுபெக்கின் முகம் சிவந்திருந்தது. அவர் கை கயிற்றுப் பக்கம் போயிற்று. அப்போது சட்டிக்குப் பின்னாலிருந்து, முழங்கைவரை மாவாக இருந்த ஒரு பெண் எழுந்தாள். சிர்கா அவள்தான்.

"அப்பா, ஆட்டைத் திருப்பி வாங்காதீங்க. சூயுன்சுன்னு குடுத்தது குடுத்ததுதான்."

"இது நல்ல சேதியா?"

"நான் உசுரோட நாரின் போய்ச் சேர்றது உங்களுக்குக் கெட்ட சேதியா?"

முதலில் சிரித்தது ஒரு கிழவி. அப்புறம் சட்டியைச் சுற்றி இருந்தவர்கள். அப்புறம் முற்றமே சிரித்தது. டோப்சுபெக் மட்டும் சிரிக்கவில்லை. காரிடம் போனார். கட்டியிருந்த ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், நீலம், வெள்ளை, பொம்மை. எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நூர்சாடா குப்பையில் போடப் போகிறார் என்றே நினைத்தாள்.

வாசலில் நின்ற அவளுடைய காரில் கட்டத் தொடங்கினார்.

"நாளைக்கு நீதான் ஓட்டற," என்றார் முதுகைக் காட்டிக்கொண்டு. "காலையில எட்டு மணி. லேட்டா வந்தா ஆட்டைப் பிடுங்கிருவேன்."

(நாம் படித்து வளர்ந்த கதைகளில் இங்கே அவள் அழ வேண்டும். அழுதாயா என்று கேட்டேன். "பொம்மையைத் தலைகீழாக் கட்டினாரு, அதைச் சரிபண்ணவே நேரம் சரியா இருந்துது" என்றாள்.)

8

சனிக்கிழமை காலை, எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால். நூர்சாடாவின் கார். பின்சீட்டில் சிர்கா, தலைக்கு மேலே முழ நீளக் கிரீடத்தோடு, அதைச் சாய்த்துப் பிடித்தபடி பெல்ட் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் அவள் அண்ணி, அவளும் போட்டுக்கொண்டாள். முன்சீட்டில் டோப்சுபெக். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை ஊர்வரை போகும் வழக்கமில்லை, ஊர் எல்லைப் பாலம்வரை வந்து இறங்கிக்கொள்வார். பின்னால் பதினோரு வண்டிகள்.

நூர்சாடா டெஸ்டரை மாட்டி முன்னால் வைத்திருந்தாள். முதலில் அளவுகளைக் காட்டினாள்: 1.9, 2.3, 2.1, 2.6. ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்களைப் பார்த்து டோப்சுபெக் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பெல்ட் பக்கத்தைத் திறந்தாள். நான்கு வரிகள். ஓட்டுநர்: போட்டது. பின் இடது: போட்டது. பின் வலது: போட்டது. முன் பயணி: போடவில்லை.

"அண்ணே, பெல்ட்."

"வேண்டாம் கண்ணு."

"பெல்ட் போடாம நான் வண்டி எடுக்கறதில்ல."

"பக்கத்துல உக்காந்து பெல்ட் போட்டா என்ன அர்த்தம்? உன் ஓட்டத்து மேல எனக்கு நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். முப்பது வருஷத்துல என் பஸ்ல முன்சீட்டுல எவனும் அப்படி என்னை அவமானப்படுத்தினதில்ல."

"இது அவமானம் இல்ல அண்ணே—"

"கேளு. நேத்து ராத்திரியே யோசிச்சிட்டேன். ஆறு பேருக்கு நடுவுல வந்து, ஆட்டையும் பிடிச்சுக்கிட்டு, நான்தான்னு சொன்ன. எங்க பஜார்ல எவன் சொல்வான்? எனக்கு உன் மேல முழு நம்பிக்கை. அது ஊருக்குத் தெரியணும். வீடியோவுல தெரியணும். அதனால போட மாட்டேன்."

நூர்சாடா சாவியிலிருந்து கையை எடுத்தாள். அந்த மனிதர் அவளை மன்னித்துவிட்டார். மன்னித்ததை அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையால் சொல்கிறார். அதை ஏற்றுக்கொண்டால், மறுபடியும் பையில்லாத வண்டியில் ஓர் ஆளை அனுப்புகிற மாதிரி. மறுத்தால், ஊருக்கு முன்னால் அவர் நீட்டிய கையைத் தட்டிவிடுகிற மாதிரி. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. சிர்கா கிரீடத்துக்கு அடியிலிருந்து, "அப்பா, எனக்குப் புருஷன் காத்துக்கிட்டிருக்கான்" என்றாள்.

இந்த இடத்துக்கு வந்ததும் நூர்சாடாவுக்காக நான் வசனங்கள் எழுதினேன். வரிசையாகக் கிடக்கின்றன, பாருங்கள்:

"போலீஸ் பிடிச்சா?" (டிராஃபிக் போலீஸ் அவர் மச்சான் மகன்.)

"பெல்ட் இல்லாம பை மட்டும் வெடிச்சு வந்தா அது தலையணை இல்ல, குத்து." (இது உண்மை, கையேட்டில் இருக்கிறது. அவர் சொல்லியிருப்பார்: இந்த மூஞ்சி வாங்காத குத்தா?)

"எனக்காகப் போடுங்க—" (தமிழ்ப்படம்.)

"உங்களை நம்பறதாலதான்—" (என்னவென்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.)

எதுவும் வேலைக்கு ஆகவில்லை. அவள் என்னதான் சொன்னாள் என்று கடைசியில் கேட்டேன். சொன்னாள். சின்ன வாக்கியம், மூச்சு வாங்காமல் சொல்லிவிடலாம். அதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. கேட்டதும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எதிர்வரிசைக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். ஆனால் எழுதாதீங்க என்றாள். "எழுதினா எல்லாரும் அதையே சொல்லுவாங்க. அது அவருக்குச் சொன்னது. அவங்கவங்க வண்டியில உக்காந்திருக்கற ஆளுக்கு அவங்கவங்கதான் கண்டுபிடிக்கணும்."

ஆக நிபந்தனைகள் நான்காயின. என் வேலையும் பாதியில் நிற்கிறது. அதற்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியும், எழுதியும் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஒரு வரிதான் இல்லை. உங்கள் பக்கத்து சீட்டிலும் ஒருவர் இருப்பார், அப்பாவோ மாமாவோ, இதெல்லாம் எதுக்கு என்கிறவர். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு நீங்கள் நிரப்புங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

நூர்சாடா அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"................................................................"

டோப்சுபெக் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. நேற்று ரிப்பனோடு வந்து ஆடினாரே, அதே தோள். கையை எட்டி இழுத்தார். க்ளிக். திரையில் நான்காவது வரியும் மாறியது. நூர்சாடா வண்டியை எடுத்தாள், பின்னால் பதினோரு வண்டிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"மெதுவாவே போ கண்ணு," என்றார் டோப்சுபெக். "பாலம் பக்கத்துலதான் இருக்கு."